உலக வெப்பமும் நமது உரிமையும்

(ஐயம்பேட்டையில் நம் கல்விச் சங்க வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா மேடையில் கல்வியைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும் பேசுவதே மரபு. நமக்கு முன் பேசியோர் அவ்விரண்டையும் நிறைவாகவே பேசிவிட்டனர். ஆகவே நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். உலகம் சூடேறி வருகிறது. அதற்குக் காரணமானவர் யார், இழப்பைத் தாங்குபவர் யார், பணம் கொடுக்க வேண்டியவர் யார் என்று உலக நாடுகள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வழக்காடி வருகின்றன. அந்தப் பெரிய வழக்கில் நமக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். எந்த வழக்கிலும் நம்மைச் சேர்க்காமலே தீர்ப்பெழுதிய காலத்தில்தான் நம் முன்னோர் நிலத்தையும் நீரையும் இழந்தனர். ஆதலின் இவ்வழக்கின் தாள்களை நாமே ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

அறிவியல் சிறிதே. நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் எரிப்பதால் எழும் கரியமில வாயு, வானவெளியில் நூற்றாண்டுக் கணக்கில் தங்கி, கதிரவனால் சூடேறிய நிலத்தின் வெப்பம் வெளியேறாதவாறு தடுக்கிறது. "தங்கி" என்னும் சொல்லை நினைவில் வையுங்கள். நம் கைத்தறித் துணியின் சந்தையைப் பறித்த லங்காஷயர் ஆலைகள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எரித்த நிலக்கரியின் ஒரு பங்கு, நேற்று எரித்ததோடு கூடி இன்றும் நம் தலைக்குமேல் நிற்கிறது. தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்தோடு ஒப்பிட, 2024-ஆம் ஆண்டில் உலகின் சராசரி வெப்பம் ஒன்றரைப் பாகைக்கு மேல் உயர்ந்திருந்ததாக உலக வானிலை அமைப்பு அறிவித்தது. சூடேறிய காற்று மிகுந்த ஈரத்தைச் சுமக்கும். பெய்யும்போது பல நாள் மழை ஒரு நாளில் கொட்டும். பொய்க்கும்போது நெடுநாள் பொய்க்கும். இவ்வளவே அறிவியல். மீதியெல்லாம் அரசியல்.

இதை நம் வட்டாரத்தில் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. குழித்தறியில் காலை இறக்கி அமர்ந்து நெய்பவருக்கு மழை நீடித்தால் குழியிலேயே நீர் ஊறுகிறது. பாவு விரிக்கத் தெரு உலர்ந்திருக்க வேண்டும். தெரு உலராத நாளில் பாவு இல்லை. பாவு இல்லையேல் நெசவு இல்லை. நெசவு இல்லையேல் கூலி இல்லை. கழனியில் நாற்று நடும் நம் தாய்மார்களின் நிலையும் இதுவே. அவர்களுக்கு வெள்ளமும் வறட்சியும் வெவ்வேறு பெயர்கள். இரண்டிலும் இழப்பது அன்றைய கூலி. பாலாற்றையே எடுத்துக்கொள்வோம். மணல் வாரப்பட்டு, பல்லாண்டுகளாக வறண்டு கிடந்த அந்த ஆற்றில் 2021 நவம்பரில் பல தலைமுறைகள் கண்டிராத வெள்ளம் வந்தது. வாலாஜாபாத்தையும் அவளூரையும் இணைக்கும் தரைப்பாலம் சேதமுற்று, அக்கரை மக்கள் சுற்று வழியில் செல்ல நேர்ந்தது.

வெள்ளம் சாதி பார்ப்பதில்லை என்பர். உண்மைதான். ஆனால் குடியிருக்க இடம் ஒதுக்கியவர்கள் பார்த்திருக்கின்றனர். தமிழகத்து ஊர்கள் பலவற்றில் மேட்டில் ஊரும், ஏரியின் வடிநீர் செல்லும் பள்ளத்தில் சேரியும் அமைந்திருப்பது தற்செயலன்று. நமக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையின் பெருமைக்காக அவற்றைப் பாடநூல்கள் புகழ்கின்றன. ஏரியைக் காக்க அன்று ஏரி வாரியம் என்றொரு குழுவே இருந்தது. பெருமைப்பட வேண்டியதே. ஆயின் அவ்வாரியத்தில் அமர்வதற்கு வரி செலுத்தும் சொந்த நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும் என்று அதே கல்வெட்டு விதிக்கிறது. வாரியத்தில் உட்கார்ந்தோர் யார், உட்காராதோர் யார் என்பதைக் கல்லே சொல்லிவிடுகிறது. நீரைப் பற்றிய எந்தக் குழுவைக் கண்டாலும் முதலில் அதில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று நாம் கேட்பதற்கு இதுவே காரணம்.

இனி உலகின் கணக்குக்கு வருவோம். தொழிற்புரட்சி தொடங்கி இன்றுவரை எரிபொருள்களால் வானில் சேர்ந்த கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளுடையது. அந்நாட்டின் மக்கள்தொகையோ உலகில் 4 விழுக்காடு. உலக மக்களில் ஆறில் ஒரு பங்கினர் வாழும் இந்தியாவின் பங்கு 3 அல்லது 4 விழுக்காடு. ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதற்கும் 3 விழுக்காடு அளவே. இன்றைய ஆண்டுக் கணக்கில் சீனம் முதலிடத்திலும் இந்தியா மூன்றாம் இடத்திலும் இருப்பது மெய்யே. ஆனால் தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் அமெரிக்கர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 14 டன். இந்தியர் ஒருவருக்கு ஏறத்தாழ 2 டன்.

1991-ஆம் ஆண்டில் தில்லியிலிருந்து அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு சிறுநூல் வெளியிட்டனர். ஏழை உழவனின் நெல்வயலில் எழும் மீத்தேனையும் செல்வரின் மகிழுந்துப் புகையையும் ஒரே தராசில் நிறுத்து, ஏழை நாடுகளின் மேல் பழியைப் போடுவது அறமன்று என்று அவர்கள் வாதிட்டனர். பிழைப்பதற்கான புகை வேறு, சொகுசுக்கான புகை வேறு என்பது அவர்கள் வகுத்த பாகுபாடு. மறு ஆண்டே, 1992-இல், உருவான ஐக்கிய நாடுகளின் காலநிலை உடன்படிக்கையில் பொறுப்பு அனைவர்க்கும் பொது, ஆயினும் அளவில் வேறுபட்டது என்னும் கொள்கை எழுதப்பட்டது. மிகுதியாகக் கெடுத்தவரும் மிகுதியாகப் படைத்தவரும் மிகுதியாகக் கொடுக்க வேண்டும் என்பதே அதன் பொருள். நம் பாட்டன்மாரிடம் கேட்டிருந்தால் மாநாடு கூட்டாமலே இதைச் சொல்லியிருப்பார்கள்.

தாளில் எழுதப்பட்ட நீதி கைக்கு எவ்வாறு வந்தது? 2009-இல் கோபன்ஹேகன் மாநாட்டில், 2020-ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் 10,000 கோடி டாலர் தருவதாகப் பணக்கார நாடுகள் வாக்களித்தன. 2022-இல்தான் அத்தொகை முதன்முறையாக எட்டப்பட்டதாக அந்நாடுகளின் பொருளாதார அமைப்பே கணக்குக் காட்டியது. அதிலும் பெரும்பகுதி கடன். வீட்டை இடித்தவனே அதைக் கட்டிக்கொள்ள வட்டிக்குப் பணம் தந்து, அதையும் கொடையென்று எழுதிக்கொள்ளும் கணக்கு இது. 2024 நவம்பரில் பாகு நகரில் கூடியபோது, ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர் வேண்டும் என்று வளரும் நாடுகள் கேட்டன. 2035-ஆம் ஆண்டுக்குள் 30,000 கோடி டாலர் என்னும் அளவோடு முன்னேறிய நாடுகள் நின்றுகொண்டன. இந்தியப் பேராளர் அவ்வரங்கிலேயே எழுந்து மறுப்புத் தெரிவித்தார். 2025 சனவரியில் அமெரிக்க அரசு பாரிசு உடன்பாட்டிலிருந்து இரண்டாம் முறையாக விலகுவதாக ஆணையிட்டது. நடந்த இழப்புக்கு ஈடு செய்வதற்கென 2022-இல் ஒரு நிதியம் முடிவாயிற்று. 2023-இல் துபாயில் அதற்கு முதற்கண் வாக்களிக்கப்பட்டது சுமார் 70 கோடி டாலர். உலகம் முழுவதற்கும் அவ்வளவே!

இந்தக் கதையைக் கேட்டபோது நமக்குப் புதிதாகக் கேட்பதுபோல் தோன்றவில்லை. காரணம், இதே போன்றதொரு கதை நம் செங்கற்பட்டுச் சீமையிலேயே நடந்தது. 1891-இல் செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரெமென்கீர் என்னும் ஆங்கிலேயர் இம்மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையை நேரில் ஆய்ந்து அரசுக்கு அறிக்கை அளித்தார். நிலமின்மையே அடிமைத்தனத்தின் வேர் என்று அவர் கண்டார். அதன் பயனாக 1892-இல் சென்னை அரசு ஆணையிட்டு, தாழ்த்தப்பட்டோர்க்கென நிலங்களை ஒதுக்கியது. அவையே பஞ்சமி நிலங்கள். மாநிலம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்று பொதுவாகக் கூறுவர். முதல் பத்து ஆண்டுகளுக்கு அவற்றை எவருக்கும் விற்கலாகாது. அதன் பின்னரும் தாழ்த்தப்பட்டோர்க்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை இன்றும் தாளில் உயிரோடுதான் இருக்கிறது. நிலம் எங்கே? கடனுக்கும் மிரட்டலுக்கும் கைநாட்டுக்கும் பெரும்பகுதி போயிற்று. அதைத் திரும்பக் கேட்டுத்தான் 1994-இல் இதே சீமையின் காரணை கிராமத்தில் நம் மக்கள் போராடினர். அவ்வாண்டு அக்டோபர் 10-ஆம் நாள் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டின் விளைவாக ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் நீத்தனர்.

இதிலிருந்து நாம் அறிந்தது, ஈகை மனத்தோடு எழுதப்பட்ட ஆணையும் காவலின்றேல் கரைந்துபோகும் என்பது. கொடுத்தது யாருக்கு, வாங்கியது யார், இன்று யார் கையில் உள்ளது என்று ஆண்டுதோறும் கேட்பதற்கு அதிகாரம் பெற்ற ஓர் இடம் வேண்டும். கேட்கும் இடத்தில் பாதிக்கப்பட்டவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இழப்பீட்டு நிதியத்தின் ஆட்சிக்குழுவில் 26 இடங்களுள் 14 வளரும் நாடுகளுக்கு என்று வைத்திருக்கின்றனர். ஏரி வாரியத்தைவிட இது நல்ல ஏற்பாடே. ஆனால் அந்த 14 இடங்களிலும் நாடுகள்தாம் அமர்கின்றன. நாட்டுக்குள் இருக்கும் சேரிகள் அமர்வதில்லை.

ஈண்டுதான் இவ்வுரையின் முதன்மையான கருத்துக்கு வருகிறோம். இந்தியாவின் தலைக்கணக்கு 2 டன் என்றோமே, அது சராசரி. குளிரூட்டிய மாளிகையும் மூன்று மகிழுந்தும் உடையவரின் புகையையும், ஒற்றை மின்விளக்கும் ஒரு மிதிவண்டியும் உடையவரின் புகையையும் கூட்டி வகுத்ததால் கிடைத்த எண். இந்நாட்டுச் செல்வரின் கணக்கைக் குறைத்துக் காட்டுவது நமது வறுமையே. உலக மன்றத்தில் "எங்கள் ஏழைகளைப் பாருங்கள்" என்று நாடு வாதிடும்போது, அந்த வாதத்தின் சான்றுப் பொருள் நாம். வழக்கில் வென்றால் வரும் பொருளில் சான்றுப் பொருளுக்குப் பங்கு உண்டா?

இவ்வாறு கேட்பது நாட்டின் வழக்கைக் காட்டிக் கொடுப்பதாகாதா என்று நல்லெண்ணத்தோடு வினவுவோர் உண்டு. அவர்களுக்கு விடை 1930-ஆம் ஆண்டிலேயே சொல்லப்பட்டுவிட்டது. இலண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டுக்குத் தாழ்த்தப்பட்டோரின் சார்பாக இருவர் சென்றனர். ஒருவர் அண்ணல் அம்பேத்கர். மற்றவர் நம் செங்கற்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்து, 1893-இல் 'பறையன்' என்னும் இதழைத் துணிவோடு தொடங்கிய இரட்டைமலை சீனிவாசனார். அம்மாநாட்டில் அம்பேத்கர் வெள்ளையர் ஆட்சியைத் தாங்கிப் பேசவில்லை. அவ்வாட்சியில் எம் மக்களின் தீண்டாமை தீரவில்லை, ஆகவே மக்களாட்சியே வேண்டும் என்று இந்தியாவின் கோரிக்கைக்கு வலுவூட்டினார். அதே மூச்சில், அவ்வாட்சியில் எம் மக்களுக்கு உரிய இடத்தை முன்கூட்டியே எழுதித் தாருங்கள் என்றும் கேட்டார். நாடு உலகிடம் நீதி கேட்கும். நாம் நாட்டிடம் நீதி கேட்போம். இரண்டும் ஒரே நீதி. முதலாவதைக் கேட்பவர் இரண்டாவதை மறுத்தால் அவர் கேட்டது நீதியன்று, பங்கு.

இவ்விரு நீதிகளும் அடுத்தடுத்த நாள்களில் சோதனைக்கு வந்தன. 2015 நவம்பர் 30-ஆம் நாள் பாரிசில் உலகத் தலைவர்கள் காலநிலை மாநாட்டுக்குக் கூடினர். மறுநாள், டிசம்பர் 1, வடதமிழகம் பெருமழையில் மூழ்கியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட, இரவோடு இரவாக அடையாறு கரை கடந்தது. மழைக்கு வானம் காரணமாக இருக்கலாம். நீரைத் திறந்ததிலும் கரைகளைக் காத்ததிலும் நேர்ந்த குறைகளை இந்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கை பின்னர் எடுத்துரைத்தது. ஆகவே அனைத்தையும் உலக வெப்பத்தின் மேல் ஏற்றிவிட்டு அதிகாரத்தில் உள்ளோர் கை கழுவுவதற்கும் நாம் இடம் தரலாகாது. கடலூர் மாவட்டத்தில் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புகள் மிகுதியாக அழிந்ததையும் நிவாரணத்தில் அவை பின்தள்ளப்பட்டதையும் உரிமை அமைப்புகள் அன்றே பதிவு செய்தன.

வெள்ளம் வடிந்த பின் சென்னைத் தெருக்களில் மலைபோல் குவிந்த குப்பையை அள்ளியவர் யார்? பல மாவட்டங்களிலிருந்தும் துப்புரவுத் தொழிலாளர்கள் கூட்டி வரப்பட்டனர். கையுறையும் காலணியுமின்றி அவர்கள் அழுகலை அள்ளிய காட்சியை நாளேடுகள் படமாக வெளியிட்டன. அவர்கள் எச்சாதியினர் என்று நாம் சொல்லத் தேவையில்லை. காலநிலை மாற்றத்தின் ஒவ்வொரு பேரிடருக்குப் பின்னும் துடைப்பம் யார் கைக்கு வருகிறது என்பதை எந்த உலக மாநாடும் இதுவரை கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

அடுத்து நடந்தது இன்னும் கவனிக்கத் தக்கது. ஆற்றை மீட்பதென்று கூறி, அடையாறு, கூவம் கரைகளில் குடிசையிட்டிருந்த பல்லாயிரம் குடும்பங்கள் நகருக்கு வெளியே பெரும்பாக்கம் முதலிய இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டன. பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலம் அது. வேலை நகரிலும் வீடு சதுப்பிலுமாக அவர்கள் வாழ்வு பிளந்தது. அடையாற்றின் மேலேயே நீண்டு கிடக்கும் விமான நிலைய ஓடுபாதையோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. குடிசை ஆற்றை மறிக்கிறது என்பதை ஒப்புக்கொள்வோம், ஓடுபாதை மறிக்கவில்லையா? நம் மாவட்டத்துப் பரந்தூர் வட்டாரத்தில் ஏரிகளும் வயல்களும் அடங்கிய ஐயாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பைப் புதிய விமான நிலையத்துக்கென 2022-இல் தேர்ந்தெடுத்தனர். ஏகனாபுரம் மக்கள் அதை எதிர்த்து நின்றதும் நீங்கள் அறிந்ததே. வானூர்தியில் பறப்போர் யார், அதற்காக ஏரியை இழப்போர் யார் என்ற கேள்வி அங்கும் இருக்கிறது.

மின்சாரமே வேண்டாம், தொழிலே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தெருவிளக்கின் அடியில் படித்தவர்கள் இச்சங்கத்தின் முதல் அணியில் பலர். இன்னும் நம் மக்களுக்கு விளக்கும் விசிறியும் வேண்டும், உறுதியான கூரையும் வேண்டும். அவற்றால் எழும் புகை பிழைப்புக்கான புகை. அதைக் குறைக்கும் பொறுப்பை முதலில் சொகுசின்மேல் வையுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

நாட்டிடம் நாம் கேட்பதும் புதிதன்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 20 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மக்கள்தொகை விகிதத்தில் நிதி ஒதுக்க வேண்டும் என்னும் கொள்கை 1979-80 முதல் சிறப்புக் கூறுத் திட்டமாக இருந்து வருகிறது. 2024-இல் தமிழக சட்டமன்றம் அதற்கெனச் சட்டமே இயற்றியது. காலநிலையின் பெயரால் வரும் நிதி, அது உலக வங்கியிலிருந்து வந்தாலும் மாநிலக் கருவூலத்திலிருந்து வந்தாலும், அதே அளவுகோலுக்கு உட்பட வேண்டும். பயிர் அழிந்தால் இழப்பீடு பட்டாவையும் சாகுபடிக் கணக்கையும் பார்த்து வருகிறது. நட்டவளின் இழந்த நாள்களுக்கு ஏடு இல்லை. அந்த ஏடு திறக்கப்பட வேண்டும். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024-இல் அறிவித்தது நல்ல செயல். இறந்தவர் குடும்பத்துக்கு உதவி உண்டு. ஆனால் வெயிலில் வேலை நின்ற நாளின் கூலியைப் பற்றியும் பேச வேண்டும். பஞ்சமி நிலத்தை மீட்டுத் தருவதையும் இதே பட்டியலில் சேர்க்கிறோம். பள்ளத்தில் இருப்பவர்க்கு மேட்டில் மனை வேண்டுமானால், அதற்கு நிலம் ஏற்கெனவே அவர் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது!

இளைஞர்களே, இத்தனையும் பெரியோர் செய்ய வேண்டியவை என்று எண்ணிவிடாதீர்கள். பசிபிக் கடலில் வனுவாட்டு என்றொரு தீவு நாடு. மக்கள்தொகை மூன்று லட்சத்துக்குச் சற்று மிகுதி; நம் மாவட்டத்தைவிட மிகச் சிறியது. கடல் ஏறி வரும் அந்நாட்டில், 2019-இல், தென்பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் சிலர், நாடுகளின் கடமை என்ன என்று பன்னாட்டு நீதிமன்றத்தையே கேட்கலாம் என்று ஒரு கருத்தை வகுப்பறையில் எழுப்பினர். அவர்களின் அரசு அதை ஏற்றது. 2023 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் பொதுப் பேரவை ஒருமனதாக ஏற்றது. 2025 சூலை 23-ஆம் நாள் நீதிமன்றம் கருத்துரைத்தது: காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை; அதை மீறினால் ஈடு செய்யும் பொறுப்பும் எழலாம். அது கட்டாயத் தீர்ப்பன்று, ஆலோசனைக் கருத்துத்தான். எனினும் இனி எந்த மன்றத்திலும் அதைத் தாண்டிப் பேச இயலாது. படித்த சில பிள்ளைகள் தொடங்கிய வேலை அது.

நம் சங்கத்தில் கணக்குத் தெரிந்தவர்களும் வரைபடம் வரையத் தெரிந்தவர்களும் இருக்கின்றனர். இருபத்தைந்து ஆண்டுகளில் நாம் ஈட்டிய செல்வம் அதுவே. வரும் மழைக்காலத்தில் ஐயம்பேட்டையிலும் சுற்றுப்புறக் குடியிருப்புகளிலும் எந்தெந்தத் தெருவில் எத்தனை அடி நீர் நின்றது, எத்தனை நாள் நின்றது, எத்தனை தறிக்குழிகளில் நீர் ஏறியது, எத்தனை பேர் எத்தனை நாள் கூலி இழந்தனர், யாருக்கு மனைப்பட்டா இல்லை, எந்த வடிகால் எங்கிருந்து எங்கே திருப்பப்பட்டது என்பதை வீடுவீடாகச் சென்று எழுதுவதற்கு மாணவர் குழு ஒன்று அமைக்க வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். ஆண்டுதோறும் மார்ச் 22, உலக நீர் நாளன்று கிராம சபை கூடுகிறது. அந்தக் கணக்கேட்டை அடுத்த மார்ச்சுக் கூட்டத்தில் எழுந்து நின்று படித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் செய்து, அதன் படியொன்றைக் கேட்டு வாங்கி நம் நூலகத்தில் வைக்க வேண்டும்.